கணக்கு டீச்சர் பதில்கள்: அடுத்த ஒரு கிலோவுக்கு என்ன செலவு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள் எழுதியவை. பி.காம்., பி.பி.ஏ., பி.ஏ. பொருளியல் என்று படிப்பு வேறாக இருந்தாலும் பயம் ஒன்றுதான்: பிசினஸ் மேக்ஸ் தாளில் வரும் நுண்கணிதம். முப்பத்தொரு வருடம் இந்த மலையில் காமர்ஸ் பிள்ளைகளுக்கு அந்தத் தாளை நடத்தியவள் நான். அதனால் இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் பதில் வரும்.

கேள்வி: டீச்சர், நான் பி.காம். முதல் வருடம். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் குரூப் எடுத்ததால் வணிகக் கணிதம் படித்ததே இல்லை. ‘டோட்டல் காஸ்ட்டை டிஃபரன்ஷியேட் பண்ணினா மார்ஜினல் காஸ்ட்’ என்று வகுப்பில் எழுதிப் போட்டார்கள். எனக்குப் பண்ணத் தெரிகிறது. அடுக்கை முன்னால் கொண்டுவந்து பெருக்கி, அடுக்கில் ஒன்றைக் குறைத்துவிடுகிறேன். ஆனால் எதற்குப் பண்ணுகிறேன், கடைசியில் வரும் எண் என்ன என்று தெரியவில்லை. கூடப் படிப்பவர்களைக் கேட்டால் ‘மார்க் வருதில்ல, விடு’ என்கிறார்கள்.
— மாணவி, கோத்தகிரி

பதில்: விடாதே மா. நீ கேட்டிருக்கும் கேள்வியை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு மாணவர் எழுந்து நின்று கேட்டார். கரும்பலகையில் 220 என்று விடை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். ‘மேடம், இந்த 220 ரூபாயா, கிலோவா?’ என்றார். எம்.எஸ்சி. முடித்து வந்தவள் நான். சூத்திரம் அத்தனையும் மனப்பாடம். ஆனால் அந்த 220 என்னவென்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வகுப்பை முடித்தேன்.

அப்பா குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: ‘மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் ஏற்றம் எவ்வளவு?’

கணக்குப் போட்டேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், குன்னூர் ஸ்டேஷன் சுமார் 1,710 மீட்டர். ஏறுவது 1,380 மீட்டர், ஓடும் தூரம் 28 கிலோமீட்டர். அப்படியென்றால் 20 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் ஏற்றம். ‘இருபதுக்கு ஒண்ணுப்பா’ என்றேன். ‘அந்தக் கணக்கை நம்பி இன்ஜின் செஞ்சிருந்தா வண்டி பாதியில நின்னிருக்கும்’ என்றார் அப்பா. கல்லாறு வரை பாதை பெரும்பாலும் சமதளம். கல்லாறு தாண்டிய பிறகுதான் மலை. சில இடங்களில் பன்னிரண்டுக்கு ஒன்று ஏறுகிறது. தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் போட்டிருப்பது அதற்காகத்தான். இருபதுக்கு ஒன்று என்பது மொத்தப் பாதையின் சராசரி. இன்ஜின் இழுக்க வேண்டியதோ அந்த நிமிடம் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் ஏற்றத்தை.

டிஃபரன்ஷியேட் பண்ணினால், அதாவது வகையிட்டால், கிடைக்கும் வகைக்கெழு என்பது சக்கரத்துக்கு அடியில் இருக்கும் அந்த ஏற்றம்தான். மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு, ஒரு வர்க்கி அடுப்பை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். உனக்கும் அதையே போடுகிறேன். எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. எக்ஸுக்குப் பதில் ‘க’ என்று எழுதுகிறேன், கிலோ என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு நாளில் க கிலோ வர்க்கி சுடும் ஒரு பேக்கரியின் மொத்தச் செலவு, ரூபாயில்:

4,000 + 120க + 0.5க²

4,000 என்பது அடுப்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஆகும் செலவு. 120 என்பது ஒவ்வொரு கிலோவுக்கும் மைதா, சர்க்கரை, நெய், விறகு. கடைசித் துண்டு ஏன் இருக்கிறது என்றால், அளவு கூடக் கூட ராத்திரி ஆள் போட வேண்டும், அவசரத்துக்கு விறகு அதிக விலைக்கு வாங்க வேண்டும், அவசரத்தில் கருகுவதும் கூடும்.

100 கிலோ சுட்டால் மொத்தம் 21,000 ரூபாய். சராசரி, கிலோவுக்கு 210. இப்போது மேட்டுப்பாளையத்துக் கடைக்காரர் ஒருவர் வந்து, ‘தினமும் இன்னும் 10 கிலோ கொடுங்க, கிலோவுக்கு 215 தர்றேன்’ என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? சராசரியைப் பார்த்தால் கிலோவுக்கு 5 ரூபாய் லாபம். ஆனால் 110 கிலோவுக்குச் செலவைப் போட்டுப் பார். 23,250 வரும். கூடுதலாக ஆன செலவு 2,250, கைக்கு வருவது 2,150. தினமும் 100 ரூபாய் நட்டம்.

அந்த 10 கிலோவுக்கு ஆன கூடுதல் செலவு கிலோவுக்கு 225. பத்து வேண்டாம், 100க்கு மேல் ஒரே ஒரு கிலோ என்றால் 220 ரூபாய் 50 காசு. நூறு கிராம் மட்டும் என்றால் கிலோவுக்கு 220 ரூபாய் 5 காசு என்ற வீதத்தில் வரும். 225, 220.50, 220.05 என்று எதை நோக்கி இறங்குகிறது, பார்த்தாயா? 220. ‘எல்லை’ என்று முதல் பாடத்தில் பக்கம் பக்கமாகப் படித்தது இதைத்தான். இனி நீ செய்யும் அடுக்கு வேலையைச் செய். 4,000 காணாமல் போகும், 120க என்பது 120 ஆகும், 0.5க² என்பது க ஆகும். 120 + க. கவுக்கு 100 போட்டால் அதே 220. மூன்று முறை கழித்து வகுத்துக் கண்டதை ஒரே வரியில் எடுத்துக்கொடுக்கும் குறுக்குவழி அது.

அந்த மாணவருக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த விடை இதுதான்: ‘தினம் 100 கிலோ சுடும் நிலையில், அதற்கு மேல் ஒரு கிலோ கூட்டினால் ஏறக்குறைய 220 ரூபாய் கூடுதலாகச் செலவாகும்.’ விடை என்பது இந்த வாக்கியம் முழுவதும்தான். வெறும் 220 என்று எழுதி அடிக்கோடு போடுவது பாதி விடை. அன்றிலிருந்து என் வகுப்பில் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் ரூபாயும் கிலோவும் இருக்கும் ஒரு வாக்கியத்தை எழுதாதவர்களுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்ததே இல்லை. நீயும் எழுதிப் பழகு. உங்கள் தோட்டத்தில் கூலி ஆள் ஒருவரைக் கூட்டுவதா வேண்டாமா என்று அப்பா யோசிக்கும்போது, அவர் மனதில் ஓடுவதும் இந்த வாக்கியம்தான். வேண்டுமானால் கேட்டுப்பார்.

கேள்வி: அம்மா, என் மகன் பி.ஏ. எகனாமிக்ஸ் சேர்ந்திருக்கிறான். பொருளாதாரம் என்றால் ஐந்தாண்டுத் திட்டம், பட்ஜெட், பேங்க் என்று நினைத்தோம். முதல் செமஸ்டரிலேயே கணக்கில் தோற்றுவிட்டான். பொருளாதாரத்துக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? வேறு பாடத்துக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— ஒரு தகப்பனார், கூடலூர்

பதில்: ஐயா, சம்பந்தம் பழையது. 1838ஆம் ஆண்டிலேயே பிரான்ஸ் நாட்டுக் கணிதர் அகஸ்டின் கூர்னோ, ஊற்றுநீர் விற்கும் ஒருவர் என்ன விலை வைத்தால் வருவாய் அதிகபட்சமாகும் என்பதை வகைக்கெழுவைக் கொண்டு எழுதிக் காட்டினார். நீர் தானாக ஊறுவதால் உற்பத்திச் செலவே கிடையாது என்று எடுத்துக்கொண்டு தொடங்கினார். அவர் காலத்தில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அதன் அருமை தெரிந்தது. இன்று உங்கள் மகன் படிக்கும் பாடம் அந்த வழியில் வந்தது.

கேம்பிரிட்ஜில் ஆல்பிரட் மார்ஷல் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். முதலில் கணிதம் படித்துவிட்டுப் பிறகு பொருளியலுக்கு வந்தவர். 1906இல் பௌலி என்ற புள்ளியியலாளருக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரத்தை நான் எல்லா வகுப்பிலும் சொல்வேன். கணக்கைச் சுருக்கெழுத்தாக வைத்துக்கொள், முடிந்ததும் பேசும் மொழியில் பெயர்த்து எழுது, வாழ்க்கையில் உள்ள எடுத்துக்காட்டால் விளக்கு, அதன்பின் கணக்கை எரித்துவிடு, விளக்க முடியவில்லை என்றால் விளக்க முடியாததை எரித்துவிடு என்பது அவர் சொன்னதன் பொருள். கணக்கில் அவ்வளவு தேர்ந்தவரே இப்படிச் சொல்லியிருக்கிறார். மேலே கோத்தகிரிப் பெண்ணுக்கு நான் சொன்ன வாக்கியமும் இதுவும் ஒன்றுதான்.

மாற்றும் முன் ஒன்று செய்யுங்கள். மகனின் விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த வரியில் சறுக்கினான் என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். என்னிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வகையிடலில் சறுக்கவில்லை. அதற்கு முந்திய வரியில் சறுக்கினார்கள். 4,000/க என்பதை 4,000க⁻¹ என்று எழுதத் தெரியாது. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் உள்ளே குறி மாற்ற மறந்துவிடும். பின்னங்களைக் கூட்டும்போது மேலும் கீழும் தனித்தனியே கூட்டிவிடுவார்கள். இவை ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பாடங்கள். மூன்று வாரம் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். இதற்காக ஒரு பையன் தனக்குப் பிடித்த படிப்பை விட்டு வெளியேறுவது எனக்குத் தாங்காது. அவனுக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்லுங்கள்: வணிகத்துக்கும் பொருளியலுக்குமான இந்த முதல் தாளில் சைன், காஸ் போன்ற முக்கோணவியல் பொதுவாக வராது. பின்னாளில் சி.ஏ. எழுத நினைத்தாலும் எம்.ஏ. பொருளியல் நுழைவுத் தேர்வுக்குப் போனாலும், இன்று அவன் சரிசெய்துகொள்ளும் அடிப்படைதான் கைகொடுக்கும்.

கேள்வி: மேடம், எங்கள் வீட்டில் கேரட் போடுகிறோம். ‘விளைச்சல் நல்லா இருந்தா காசு இருக்காது, காசு இருந்தா விளைச்சல் இருக்காது’ என்று தாத்தா புலம்பிக்கொண்டே இருப்பார். தேவை நெகிழ்ச்சி பாடம் நடத்தியபோது எனக்கு அவர் ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? உண்டென்றால், நாங்கள் குறைவாகப் பயிரிட்டால் அதிகம் சம்பாதிக்கலாமா?
— மாணவி, கேத்தி

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தொடர்பு உண்டு. ஆனால் உன் இரண்டாவது கேள்வியில் ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்து நடக்க வேண்டும்.

மூட்டைக்கு ‘ம’ என்று வைப்போம். ஒரு நாள் மண்டிக்கு வரும் மொத்த மூட்டைகளைப் பொறுத்து ஒரு மூட்டையின் விலை 3,000 − 10ம என்று எடுத்துக்கொள். (இதுவும் பாடத்துக்காக வைத்த எண்கள்தான்.) 100 மூட்டை வந்தால் விலை 2,000, மொத்த வருவாய் 2 லட்சம். 200 மூட்டை வந்தால் விலை 1,000, மொத்த வருவாய் அதே 2 லட்சம். இரண்டு மடங்கு விளைவித்து, இரண்டு மடங்கு பேர் சேற்றில் நின்று பிடுங்கி, கழுவி, இரண்டு மடங்கு லாரி வாடகை கொடுத்த பின்னும் காசு அதேதான். தாத்தா சொல்வது இதைத்தான்.

வருவாய் 3,000ம − 10ம². வகையிட்டால் 3,000 − 20ம. இது இறுதிநிலை வருவாய், அதாவது ‘மார்ஜினல் ரெவின்யூ’. 100 மூட்டையில் இதன் மதிப்பு +1,000, அதாவது இன்னொரு மூட்டை வந்தால் மொத்த வருவாய் ஏறக்குறைய 1,000 ரூபாய் கூடும். 200 மூட்டையில் −1,000. இன்னொரு மூட்டை வந்தால் மண்டியில் எல்லாருக்கும் சேர்த்துக் கிடைக்கும் பணம் 1,000 ரூபாய் குறையும்! 150இல் பூச்சியம். வருவாயின் உச்சம் அங்கேதான், 2,25,000. தொட்டபெட்டா உச்சியில் நின்றால் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை அல்லவா, அந்த இடம்.

விலை ஒரு சதவீதம் மாறினால் தேவை எத்தனை சதவீதம் மாறும் என்பதுதான் நெகிழ்ச்சி. அதைப் போட்டுப் பார். கழித்தல் குறியை விட்டுவிட்டுச் சொன்னால் 100இல் 2, 150இல் 1, 200இல் அரை. ஒன்றுக்கு மேலே இருக்கும்வரை, வரத்து கூடினால் வருவாய் கூடும். ஒன்றுக்குக் கீழே போய்விட்டால் வரத்து கூடக் கூட வருவாய் குறையும். கேரட் விலை பாதியானாலும் யாரும் சாம்பாரில் இரண்டு மடங்கு போடப்போவதில்லை. காய்கறிச் சந்தையில் நெகிழ்ச்சி ஒன்றுக்குக் கீழே போவது அதனால்தான்.

பள்ளம் இனிதான். அந்த 3,000 − 20ம மண்டி முழுவதற்குமான கணக்கு. உங்கள் வீட்டுக்கு உரியது அல்ல. 200 மூட்டையில் உங்களுடையது இரண்டு என்றால், நீங்கள் ஒன்றைக் குறைத்தால் விலை 10 ரூபாய்தான் ஏறும். உங்களுக்கு 2,000 வந்த இடத்தில் 1,010 வரும். நட்டம் உங்களுக்கு, அந்த 10 ரூபாய் லாபம் மற்ற 198 மூட்டைக்காரர்களுக்கு. எனவே தனி ஒரு விவசாயிக்கு இறுதிநிலை வருவாய் என்பது கிட்டத்தட்ட அன்றைய விலையேதான். ஒவ்வொருவரும் அதைப் பார்த்து அதிகம் போடுகிறார்கள், எல்லாருமாகச் சேர்ந்து விலையை இறக்குகிறார்கள். யார் மேலும் பிழையில்லை. பாடப்புத்தகத்தில் முழுநிறைவுப் போட்டி (தனி ஒருவரால் விலையை மாற்ற முடியாத சந்தை) என்றும் முற்றுரிமை (ஒருவரே விற்கும் சந்தை) என்றும் இரண்டு தனி அத்தியாயங்களில் இருப்பதை உன் தாத்தா ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார். உன் அசைன்மென்ட்டில் அவர் வாக்கியத்தை முதல் வரியாக எழுது.

கேள்வி: பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். ‘மார்ஜினல்’ என்பதற்கு அகராதியில் ஓரம், விளிம்பு என்று இருக்கிறது, புத்தகத்தில் ‘இறுதிநிலை’ என்று இருக்கிறது. இன்னும் குழம்புகிறேன். தமிழ்ச் சொற்களை மறந்துவிடுவதுதான் நல்லதா?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: மறக்கவே மறக்காதே. ‘ஃபங்ஷன்’ என்ற சொல் உனக்கு எதையாவது சொல்கிறதா? நம் வீடுகளில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் அந்தச் சொல் போய்விட்டது. ‘சார்பு’ என்று சொல்லிப்பார். ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருக்கிறது, செலவு கிலோவைச் சார்ந்திருக்கிறது என்று சொல்லே பாடம் நடத்திவிடுகிறது. ‘இன்டக்ரேஷன்’ தமிழில் தொகையிடல், துளித்துளியாகச் சேர்த்துத் தொகுப்பது.

‘இறுதிநிலை’ குழப்புவது உண்மைதான். இறுதி என்றதும் முடிவு என்று தோன்றுகிறது. வரிசையில் கடைசியாக வந்து நின்ற ஆள் என்று எடுத்துக்கொள். 100 கிலோ சுட்டபின் கடைசியாகச் சேர்ந்த அந்த ஒரு கிலோ. ஓரம், விளிம்பு என்றாலும் அதேதான். குவியலின் ஓரத்தில் புதிதாக வைத்த ஒன்று. ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலும், வலப்பக்கம் தமிழ்ச் சொல்லையும், அடியில் உன் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றையும் எழுதிவா. மலைப்பூண்டு, பேரிக்காய் என்று உனக்கு எடுத்துக்காட்டுக்கா பஞ்சம்? நாற்பது சொற்களுக்கு மேல் இந்தத் தாளில் இல்லை.

கேள்வி: டீச்சர், பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. எதைப் படிப்பது, எதை விடுவது?
— மாணவர், குன்னூர்

பதில்: தம்பி, முதல் நான்கு நாள் அடுக்கு விதி, பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி. தினம் இருபது கணக்கு, பேனா பிடித்து, விடையைப் பார்க்காமல். அடுத்த ஐந்து நாள் பெருமம், சிறுமம், இறுதிநிலை, நெகிழ்ச்சி. பெருமம் கேட்டால் முதல் வகைக்கெழுவைப் பூச்சியமாக்குவதோடு நிறுத்திவிடாதே. இரண்டாம் வகைக்கெழு எதிர்க்குறியா என்று பார்த்து ஒரு வரி எழுது. உச்சியிலும் ஏற்றம் பூச்சியம், பள்ளத்தின் அடியிலும் பூச்சியம். எதில் நிற்கிறாய் என்று அந்த வரிதான் சொல்லும். மிச்ச நாளில் பழைய வினாத்தாள்கள், கடிகாரம் வைத்துக்கொண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் படிக்காதே.

கேள்வி: மேடம், தொகையிட்ட பிறகு கடைசியில் ‘பிளஸ் சி’ போட மறந்துவிட்டேன் என்று அரை மார்க் குறைத்துவிட்டார்கள். ஒன்றுமே இல்லாத ஓர் எழுத்துக்கு அரை மார்க்கா? அதோடு காஸ்ட்டுக்கும் சி, அதற்கும் சி. எது எந்த சி?
— மாணவி, அரவங்காடு

பதில்: இரண்டு சியும் வேறு. முதலில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள். இனி மாறிலிக்கு வேறெந்த எழுத்தையாவது போடு, யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஒன்றுமே இல்லாத எழுத்து என்று மட்டும் சொல்லாதே. மேலே உள்ள வர்க்கி அடுப்புக்குத் திரும்பிப் போ. இறுதிநிலைச் செலவு 120 + க என்று மட்டும் உனக்குத் தெரியும், மொத்தச் செலவைக் கண்டுபிடி என்கிறார்கள். தொகையிட்டால் 120க + 0.5க² வரும். 4,000 எங்கே? வகையிடும்போது அது மறைந்துபோயிற்று. திருப்பிவரும்போது தானாக வந்துவிடாது. நாம்தான் அதற்கு ஒரு இடம் விட்டு வைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு மூடிய நாளை நினைத்துக்கொள். மைதா லாரி ஏறி வரவில்லை, அடுப்பு மூட்டவில்லை, க = 0. ஆனாலும் கொட்டகை வாடகை உண்டு, மாஸ்டருக்குச் சம்பளம் உண்டு, வாங்கிய கடனுக்கு வட்டி உண்டு. அன்றைய செலவு 4,000. கேள்வியில் ‘நிலையான செலவு 4,000’ என்று கொடுத்திருப்பார்கள். கவுக்குப் பூச்சியம் போட்டு மாறிலியைக் கண்டுபிடி, பிறகு மொத்தச் செலவை முழுதாக எழுது. உன் டீச்சர் அரை மார்க் குறைத்தது அந்த மழைநாள் செலவை நீ எழுதாமல் விட்டதற்கு.